கிழவனுக்கு அழுத விதவை

“அந்தத் திருடன் அனுப்பினதைப் போடு. அதுல என்னத்தைத் திருடியிருக்கான்னு பார்ப்போம்,” என்றாள் சொய்லா, வாழைக்காய் வறுவல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

யாதிரா பென் டிரைவை டி.வி.யில் செருகினாள். சித்தப்பா ஹசிந்தோ அனுப்பிய கல்யாணப் பரிசு. ‘நீ ஏழு வயசுல தெருவுல ஆடினது இதுல இருக்கு’ என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை குவாயகில் நகரம் முழுக்கப் போய்விட்டது. சித்தப்பா வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

“ஒரு சூட்டுக்காக இருபத்துநாலு வருஷமாம்மா?”

“ஏதோ ஒரு சூட்டா? உங்கப்பாவோட கல்யாண சூட்டுடி. வெண்ணெய் நிறம். ‘அவன் உள்ளே வந்தா நான் வெளியே’ன்னு உங்கப்பா சொல்லிட்டார். சர்ச்சுல உன் கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போக ஆள் வேணுமா, வேண்டாமா?”

அப்பா செகுந்தோ முடிவெட்டப் போயிருந்தார். வெட்ட அங்கே என்ன இருக்கிறது என்று அம்மா வாசல்வரை கேட்டுக்கொண்டே போய் வழியனுப்பியிருந்தாள்.

படம் ஓடியது. டிசம்பர் முப்பத்தொன்று, பழைய தெரு.

“நாற்காலியோட சேர்ந்து ஆடறது யாரும்மா?”

“உன் பெரிய அத்தை. ரெண்டு பேர்ல நாற்காலிக்குத்தான் தாளம் பிடிபட்டுது.”

“இந்த விதவை? மீசையோட?”

“உங்கப்பாவேதான். வருஷம் சாகுதுன்னு கறுப்புப் பாவாடை கட்டி ஒப்பாரி வைக்க ஆம்பளைங்களுக்குத்தான் எவ்வளவு ஆசை. பாவாடை என்னோடது. மார்பு, உன் பலூன். என் மாமனார் செத்தப்போகூட மனுஷன் இப்படி அழல.”

யாதிரா சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளில் சாய்ந்தாள். கல்யாண வேலை தொடங்கியதிலிருந்து இருவரும் சண்டையில்லாமல் சேர்ந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

காட்சி மாறியது. வீட்டின் பின்கட்டு. இளம் சொய்லா தரையில் உட்கார்ந்து, நள்ளிரவில் தெருவில் எரிக்கப்போகும் வருஷக் கிழவன் பொம்மைக்குள் மரத்தூளைத் திணித்துக்கொண்டிருந்தாள். கிழவன் போட்டிருந்தது வெண்ணெய் நிற சூட்.

வறுவலோடு போன சொய்லாவின் கை பாதியில் நின்றது.

“அண்ணி, அது அண்ணனோட கல்யாண சூட் இல்ல?” கேமராவுக்குப் பின்னாலிருந்து ஹசிந்தோவின் குரல்.

“அதை அணை, ஹசிந்தோ.”

“சரி அண்ணி. நான் எதையும் பார்க்கல.”

ஆனால் கேமரா அணையவில்லை. இளம் சொய்லா சூட்டுக்கு மேல் ஒரு பழைய மழைக்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பித்தான் போட்டாள்.

யாதிரா படத்தை நிறுத்தினாள். “நீயாம்மா?”

“அழிச்சிட்டேன்னு சொன்னானே,” என்று முணுமுணுத்தாள் சொய்லா. “உள்பாக்கெட்டுல ஒருத்தியோட ஃபோட்டோ இருந்துதுடி. பின்னாடி ‘என் ராஜாவுக்கு’ன்னு எழுதியிருந்துது. என் கையெழுத்து அவ்வளவு அழகா இருக்காது.”

“அதுக்குச் சித்தப்பா மேல பழியா?”

“நான் வாயே திறக்கல. மறுநாள் உங்கப்பாவே அலமாரியைத் திறந்து, ‘சூட்டைக் காணோம், ஹசிந்தோதான் எடுத்திருப்பான்’னார். அவன் விடியறதுக்குள்ள வேலைக்குக் கப்பலேறிட்டான். நான் மறுத்துச் சொல்லல. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான். பாவம், சித்தப்பாவும் மறுத்துச் சொல்லல.”

சொய்லா தட்டில் இருந்த உப்பை விரலால் கூட்டினாள்.

“ஃபோட்டோவை அடுப்புல போட்டேன். உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. நீயும் சொல்லிடாதே. அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது. தம்பி திருடன்னு நிஜமாவே நம்பிட்டிருக்கார். இந்த வயசுல நெஞ்சு தாங்காது.”

“அப்போ சித்தப்பா?”

“அவனுக்குத்தான் பழகிப்போச்சே. இன்னும் ஒரு சனிக்கிழமை, அவ்வளவுதானே.”

யாதிரா படத்தை ஓடவிட்டாள். இருட்டிவிட்டது. தெரு நடுவே நாற்காலியில் கிழவன், மழைக்கோட்டுக்குக் கீழே வெண்ணெய் நிறக் கால்சட்டை நுனி. மீசைக்கார விதவை ஓடிவந்து, அவன்மேல் விழுந்து, மார்பைக் கட்டிக்கொண்டு கதறினார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கதறலுக்கு நடுவே விதவையின் கை மழைக்கோட்டின் ஒரு பித்தானைக் கழற்றியது. உள்ளே போனது. தடவித் தேடாமல், நேராக, சூட்டின் இடப்பக்க உள்பாக்கெட்டுக்குள் நுழைந்து துழாவியது. கதறல் சட்டென்று நின்றது. கை வெறுமையாக வெளியே வந்தது.

“அண்ணே, பன்னிரண்டு அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கே,” என்றது ஹசிந்தோவின் குரல்.

விதவை தீக்குச்சியை உரசினார்.

சொய்லா அந்த இடத்தை இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பிறகு வறுவல் தட்டைக் கீழே வைத்தாள்.

“சித்தப்பாவுக்கு ஃபோன் போடுடி,” என்றாள். “சனிக்கிழமை உன் கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போக வரச் சொல்லு. அவன் உள்ளே. உங்கப்பா வெளியே.”