ஜாதிக்காய்த் தோட்டத்தில் பெண் பார்க்கும் படலம்

சந்திரிகா கத்தியை அழுத்திய வேகத்தில் ஜாதிக்காய் நழுவி உருண்டு, நல்லம்மாளின் காலடியில் போய் நின்றது. அம்மா ருக்குமணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு காயை வெட்டத் தெரியாத பெண்ணா!

"பெலான் லா, பெலான்!" என்று மெதுவாக வெட்டச் சொல்லிச் சிரித்தாள் தோட்டக்காரி சலேஹா. பாலிக் பூலாவ் மலைச்சரிவில் அவளுக்கு ஜாதிக்காய்த் தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து வருகிறவர்கள் தாங்களே காய் பறித்து, தோல் சீவி, சீனிப்பாகில் போட்டு ஜெரோக் என்ற இனிப்பு ஊறுகாய் செய்து பாட்டிலில் கொண்டுபோகலாம்.

இங்கே வைத்துப் பெண் பார்ப்பது சந்திரிகாவின் யோசனை. வீட்டுக்கு வந்துவிட்டு வேண்டாமென்று போனால் ஃபிளாட் முழுக்கப் பேசுவார்கள். தோட்டமென்றால், காய் பறிக்க வந்தோம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

"பொண்ணு பார்க்க வர்றாங்கம்மா. நானே வரச் சொல்லிட்டேன்" என்று அவள் சொன்னதும் ருக்குமணி ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். உடைக்க மாட்டாளா பின்னே? வந்த வரனையெல்லாம், "உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்" என்று தட்டிக்கழித்த மகள் அவள். கணவர் காலமானபின் ஒற்றை ஆளாக வளர்த்த பெண், தன்னாலேயே கல்யாணமில்லாமல் நின்றுவிடுவாளோ என்ற பயம் ருக்குமணியைத் தின்றுகொண்டிருந்தது.

வந்த இடத்தில் அந்தப் பெண் மானத்தை வாங்குகிறது. பழைய டி-ஷர்ட், சாயம் போன ட்ரெக் சூட். அம்மாவுக்கு மட்டும் காலையில் பிடிவாதமாக மாம்பழ நிறச் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள்.

நல்லம்மாள், சந்திரிகாவோடு ஒரே ஆபீசில் வேலை செய்பவள். கடல்மேல் போட்ட புதுப் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் உள்ள செபராங் ஜெயாவிலிருந்து அண்ணன் சின்னையாவின் காடியில் வந்திருந்தாள். மனைவியை இழந்து தங்கை வீட்டோடு இருக்கும் அவர், இப்போது ஏணியில் நின்று துறட்டியால் காய் பறித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைப் பையனைத்தான் காணோம். முதலில் பெரியவர்கள் பார்த்துவிட்டுப் போவார்களாக்கும் என்று ருக்குமணி நினைத்துக்கொண்டாள்.

திடீரென்று ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அண்ணே! பார்த்து அண்ணே!" என்று அலறி, ருக்குமணி ஓடிப்போய் ஏணியைப் பிடித்தாள்.

நல்லம்மாளின் முகம் மாறிவிட்டது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவரை மட்டும் அண்ணேன்னு கூப்பிடாதீங்க" என்றாள்.

ருக்குமணிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டு ஆண்களை அண்ணே என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? அதுவே கூடாதென்றால், இந்த உறவே வேண்டாம் என்றுதானே அர்த்தம்!

அதற்குள் சந்திரிகா இன்னொரு காயைக் கொத்திக் குதறியிருந்தாள். ருக்குமணி கத்தியைப் பிடுங்கினாள். "இங்க குடு. எப்படி வெட்டுறேன்னு பாரு."

பார்த்தது சந்திரிகா மட்டுமில்லை. ஏணியிலிருந்து இறங்கிவந்த அண்ணனும் தங்கையும் கண் எடுக்காமல் பார்த்தார்கள். ருக்குமணி காயைப் பிளந்து, சிவப்புப் பத்திரியோடு கொட்டையை எடுத்துவிட்டு, சதையைப் பூவிதழாகக் கீறினாள். சலேஹா முன்பே உப்பில் ஊறவைத்திருந்த காய்களைக் கழுவிப் பாகில் போட்டு, பதம் பார்த்து இறக்கினாள்.

"அக்கா, உங்களுக்கு இந்த சீனி வியாதி, பிரஷர் ஏதாச்சும் இருக்கா?" என்று நல்லம்மாள் மெல்லக் கேட்டாள்.

வம்சத்தைத் துருவுகிறாள்! "ஐயோ, ஒண்ணும் கிடையாதுங்க. எங்க பரம்பரையிலயே கிடையாது" என்று ருக்குமணி அவசரமாகச் சொன்னாள்.

நல்லம்மாள் ஒரு துண்டை ஊதி ஆறவைத்து முதலில் அண்ணனிடம் கொடுத்தாள். அவர் மென்றார். நிதானமாக மென்றார்.

"நல்லா இருக்கு" என்றார் சின்னையா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் ருக்குமணி. நல்லம்மாளின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பொண்ணைத் தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுல எல்லாம் அழகா செய்வா. இன்னைக்கு என்னமோ இப்படிப் பண்றா. ஒரு தடவை உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க. அவரும் பார்க்கட்டும்."

"எந்தப் பையன்?"

"உங்க பையன்தாங்க."

"எனக்கு ஏதுக்கா பையன்? ரெண்டும் பொண்ணாச்சே!" நல்லம்மாள் திகைத்துப்போய் சந்திரிகாவின் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி, நீ அம்மாகிட்ட சொல்லவே இல்லையா?"

சின்னையா காது சிவக்க எழுந்து, வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

சந்திரிகா கத்தியை எடுத்து, கை பிசகாமல் ஒரு காயைச் சீவி, இதழ் இதழாகக் கீறி, முழுப் பூவாக அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பொண்ணு நான் இல்லம்மா. நீ."