பாறையோரத்து மரம்

மரத்தின் மேல் கவட்டில் கால் ஊன்றிய பிறகுதான் அவள் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

எதிர்ச் சரிவில் தோட்டக் கூலிகளின் லைன் வீடுகள். கடைசிக் கதவு அவளுடையது. திறந்து கிடந்தது.

சாத்திவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அவள் ஏறியிருந்தது தேயிலை மரம். வெள்ளைக்காரன் காலத்தில் செடியாக வெட்டி நிறுத்தாமல் விட்டது, தன் போக்கில் வளர்ந்து ஓங்கிவிட்டது. குளிர் விட்டு மாசியில் வரும் முதல் கொழுந்தை ஏறித்தான் பறிக்க வேண்டும். போன மாசியில் இதில் ஏறியவன் அவள் கணவன் மருதமுத்து. இதிலிருந்துதான் விழுந்தான். அன்றிலிருந்து அவன் கால்கள் அவன் சொன்னபடி கேட்பதில்லை.

கதவுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. பிறகு தலை.

கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தான். துணி காயப்போடும் கம்பத்தைப் பிடித்தான்.

எழுந்தான்.

நின்றான்.

அவள் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

விழுந்தான்.

நடுவில் பெரும் பள்ளம். இறங்கி, ஓடை தாண்டி, ஏறிப் போவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். கூப்பிட்டால் மட்டும் கேட்கும்.

கூப்பிட வாய் திறந்தாள். கூப்பிட்டால், அவள் பார்த்தது அவனுக்குத் தெரிந்துவிடும்.

மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, கை நின்னுபோச்சு?" கீழேயிருந்து மேஸ்திரி கேட்டான்.

பறித்தாள். கண் இங்கே இல்லாமலே விரல்கள் கொழுந்தைக் கிள்ளின.

அங்கே அவன் மறுபடி கம்பத்தைப் பிடித்தான். மறுபடி விழுந்தான். இந்த முறை குப்புற. வெகுநேரம் அசையவேயில்லை. கிளையை இறுகக் கட்டிக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வந்த வழியே ஊர்ந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

சாயங்காலம் அவள் வந்தபோது கட்டிலில் கிடந்தான். முழங்கை தோலுரிந்திருந்தது. அவள் பார்ப்பதற்குள் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"எந்த மரம் குடுத்தாங்க?" கட்டிலிலிருந்து கேட்டான்.

"பாறையோரத்து மரம்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மேல் கவட்டுலேருந்து நம்ம வாசல் தெரியுமே, புள்ள."

அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் ஏறியது.

"எங்கிட்டுத் தெரிஞ்சுது? காலையிலேருந்து ஒரே பனிமூட்டம்."

அன்று முழுக்க மலையில் பளீரென்று வெயில்.

"ஆமா," என்றான் அவன். "இங்கயும் அப்படித்தான்."