மற்ற பொட்டலம்

அம்மன் காலடியில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள்.

ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. சிவப்பு வந்தால் இடது மார்பையே எடுத்துவிடுவது.

பயாப்சி முடிவைக் காட்டி, அவளுக்கு இரண்டில் எதுவானாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை, வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டில் எங்கே பேசினார்கள். கணவர் பொட்டலம் மடிக்க இலையையும் நாரையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் அப்படித்தான். வீடு வாங்கவும் பூக் கேட்டார். மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதற்கும் கேட்டார். சாப்பாட்டுக்கு ரசமா மோரா என்பதை மட்டும் சொந்தமாக முடிவு செய்வார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மார்பையே எடுத்துவிட்டால் நிம்மதி என்றுதான் அவளுக்கு இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது. அதன் பிறகு தன்னை எப்படிப் பார்ப்பாரோ.

இதே சன்னதியில்தான் அவர்கள் கல்யாணத்துக்கும் பூக் கேட்டார்கள்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று அவருடைய அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் மயில் கழுத்து நிறப் புடவையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொட்டலம் மடித்துக் கொடுத்த மாப்பிள்ளைப் பையன் தூணோரம் நின்று வியர்த்துக்கொண்டிருந்தான்.

சம்மதம் என்று வெள்ளை வந்தது. அம்மா அழுதேவிட்டாள். டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த மாதிரி ஒரு சாயங்காலம் பிறகு வரவேயில்லை.

இப்போது பூசாரி திருநீறு எடுக்க உள்ளே போனார்.

அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

உடம்பு லேசானது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

வராத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். அவர் அவசரமாகக் கையை நீட்டினார். அவசரப்படுகிற மனுஷர் இல்லை அவர்.

அவள் முந்திக்கொண்டாள்.

அதிலும் சிவப்பு.

அவர் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ இருந்தாப் போதும் அம்மிணி," என்றார்.

பூசாரி வெளியே வருவதற்குள், அவள் அந்தப் பொட்டலத்தைப் பழையபடி மடித்து நார் சுற்றினாள்.