குமிழியா, கண்ணாடியா

லென்ஸ் பொருத்த வந்தவள் மூன்றாவது லென்ஸை மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக் கேமராவில் திருகுகிறாள். முதல் லென்ஸில் ஊசிமருந்துக் குப்பி முழுவதும் திரையில் தெரிந்தது. உள்ளே மிதந்த புள்ளியோ கடுகளவுகூட இல்லை. "முழுசா தெரியுதே, இது போதாதாம்மா?" என்று கேட்ட மேற்பார்வையாளரிடம், "கல்யாண போட்டோவா எடுக்கறோம் அண்ணே, எல்லாரும் விழணும்னு?" என்று சிரித்தாள். இரண்டாவது லென்ஸ் புள்ளியைப் பெரிதாக்கியது. ஆனால் அது துளி நகர்ந்தாலும் மங்கிப்போனது. இப்போது அவள், புள்ளி நகர்ந்தாலும் மங்காதிருக்க, லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தைக் குறுக்குகிறாள். திரை இருண்டுபோகிறது. விளக்கைக் குப்பிக்குப் பின்னால் நகர்த்தியதும் பால்போன்ற வெளிச்சம் மருந்தை நிறைக்கிறது. நடுவே அந்தப் புள்ளி, இந்தமுறை கூர்மையான ஓரங்களோடு. "என்னம்மா அது?" அவர் குரல் தணிகிறது. அவருக்குப் பின்னால் காலையிலிருந்து நிரப்பிய குப்பிகள் பெல்ட்டில் ஓடிவந்து பெட்டிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. "காத்துக் குமிழின்னா மேல போகும் அண்ணே. கண்ணாடித் துணுக்குன்னா கீழ இறங்கும். பாத்துருவோம்." அவள் குப்பியை விரல்களால் ஒரு சுழற்று சுழற்றி விடுகிறாள். மருந்து சுழன்று, மெல்ல அடங்குகிறது. இருவரும் திரையருகே குனிகிறார்கள். புள்ளி தயங்கி நிற்கிறது; ஒருக்களித்துத் திரும்பி ஒருமுறை மினுங்குகிறது; பிறகு, அவசரமே இல்லாமல், கீழே இறங்கத் தொடங்குகிறது. அவள் வாய் திறப்பதற்குள் மேற்பார்வையாளரின் உள்ளங்கை சிவப்புப் பொத்தானை அழுத்துகிறது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட் ஒரு குலுக்கலோடு நிற்க, குப்பிகள் ஒன்றோடொன்று மோதி நெடுநேரம் கிணுகிணுக்கின்றன.