வெளுத்த சாயம்

அழைப்பு மணி அடித்ததும் அவள் முதலில் செய்த காரியம், தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்ப் புட்டியைத் துணி மூட்டைக்குள் செருகி மறைத்ததுதான். அப்புறம்தான் போய்க் கதவைத் திறந்தாள்.

மீன்தொட்டி பழுது பார்க்கிறவர் பெட்டியும் வாளியுமாக நின்றார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து அவள் புருஷன் கத்தினான்.

“வாங்க சார், வந்து பாருங்க. ஒண்ணு விடாம கொன்னு வெச்சிருக்கா.”

கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது அந்தக் கடல்நீர்த் தொட்டி. ஊதாவும் பச்சையுமாக இருந்த பவளமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வருகிற எல்லோரையும் முக்காலியில் ஏற்றி, “மேல இருந்து எட்டிப் பாருங்க, அப்பத்தான் கலர் தெரியும்” என்று பீற்றிக்கொள்கிறவனுக்கு இனிமேல் காட்ட ஒன்றும் இல்லை. அந்த ஆத்திரம் முழுக்க அவள் தலையில்தான் விடிந்தது.

அவளுக்கு மட்டும் அந்த முக்காலியில் ஏற அனுமதி கிடையாது. அக்காவின் ஆபரேஷனுக்குத் துணையாகப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, போன வாரம்தான் திரும்பி வந்திருந்தாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை, “போறதுக்கு முன்னாடி உள்ள என்னத்தைடி போட்டுட்டுப் போன?” என்று வாசலிலேயே ஆரம்பித்தவன் இன்றுவரை வாயை மூடவில்லை.

“எல்லாம் இவ மெஷினாலதான் சார். எண்ணெய், நூல், கொக்கி, ஊசின்னு கூடம் முழுக்கக் குப்பை. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே அதைத் தூக்கி வெளிய போட்டுடறேன்.”

இந்த வீட்டில் தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த மெஷின் ஒன்றுதான். அவள் கையால் சம்பாதிப்பதும் அதில்தான். வாயில்லாத பவளத்துக்கு ஒப்பாரி வைக்கிற மகராசன் அதைத் தூக்கி எறிந்துவிடுவானாம்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம் அரித்தது. நிஜமாகவே எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்திருந்தால்? கோபமோ பயமோ வந்தால் காதுத் தோட்டைத் திருகுவது அவள் வழக்கம். கல்யாணமான புதிதில் அவன் வாங்கித் தந்த கவரிங் நகை இரண்டு காதையும் சீழ் பிடிக்க வைத்ததிலிருந்து இந்தப் பொட்டுத் தங்கம்தான், குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. இன்றைக்குத் திருகிய திருகலில் காதே சிவந்துவிட்டது.

தொட்டிக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“சூடு சரியா இருக்கு. உப்பும் சரிதான். லைட்டு ஏதும் மாத்தினீங்களா சார்?”

“நான் எதையும் தொடல. நான் தொட்டா இப்படியா ஆகும்?”

“மீனெல்லாம் ஜோராத்தான் சுத்துது. போன தடவை நத்தை விட்டேனே, அதெல்லாம் எங்க?”

“அதுவும் செத்துப்போச்சு. கொன்னுட்டான்னு சும்மாவா சொன்னேன்?”

“என்னங்க, அவர் பாக்கட்டும். கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் அவள்.

“நீ வாயைத் திறந்த, நடக்கறதே வேற.”

மீன் பிழைத்து நத்தை செத்தது என்றதும் தொட்டிக்காரரின் புருவம் ஏறியது. கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஒரு மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்கினார். தண்ணீர் மெதுவாக நிறம் மாறியது.

“செம்பு கலந்திருக்கு சார். மீன் ஓரளவுக்குத் தாங்கிடும், நத்தையும் பவளமும் தாங்காது. எண்ணெயெல்லாம் இல்ல, ஏதோ ஒரு சாமான் உள்ள கிடக்கு.”

எண்ணெய் இல்லை என்றதும் அவளுக்குப் போன உயிர் வந்தது. அவன் விடுவதாக இல்லை.

“அப்ப கொக்கிதான். நான் சொல்லல?”

“கொக்கியா இருந்தா துருதான் சார் பிடிச்சிருக்கும்,” என்றபடி தொட்டிக்காரர் முக்காலியில் ஏறி, தோள்வரை கையை விட்டுக் கல் இடுக்கிலெல்லாம் துழாவினார். பவளத்தைவிட அந்த மனுஷர் மேல்தான் அவளுக்கு அப்போது பரிதாபம் வந்தது. பெரிய கல்லுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

பச்சைக் களிம்பு ஏறிய ஒற்றை ஜிமிக்கி.

“கவரிங் சார். மேல இருக்கிற முலாம் போயி, உள்ள இருக்கிற செம்பு உப்புத் தண்ணியில கரைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. யாரோ மேல இருந்து குனிஞ்சு பாக்கும்போது கழண்டு விழுந்திருக்கும்.”

பாதிதான் அவன் காதில் விழுந்தது. ஜிமிக்கியைப் பிடுங்கி அவள் மூஞ்சிக்கு நேரே ஆட்டினான்.

“இப்ப என்னடி சொல்ற? போட்ட நகையைப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்ல, இதுல உனக்குத் தையல் வேற. எடுடி அந்த மெஷினை. இந்த வீட்டுல இருக்கிற பொம்பளை நீ ஒருத்திதான். உன்னோடது இல்லாம வேற எவளோடதுடி இது?”

அவள் ஜிமிக்கியைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். கை தானாகக் காதுக்குப் போனது.

“எனக்குத்தான் கவரிங் ஆகாதே. யாருடா அவ?”