வாசிப்பு வாரம்

சப்ரி எண்ணிக்கொண்டிருந்தார். புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, உதட்டுக்குள்ளேயே எண்ணினார்.

நான் அலமாரிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். சாவியின் பல் தோலில் பதிந்துவிட்டது.

கல்வி இயக்ககத்திலிருந்து இவர் கணக்கெடுக்க வருவது வழக்கம்தான். இந்தத் தடவை வாசிப்பு வாரமும் சேர்ந்துகொண்டது. சுவரில் புது பேனர்: 'படி, உயர்வாய்.' அதற்கு நேர் கீழே எப்போதும் பூட்டியே கிடக்கும் கண்ணாடி அலமாரி, கணக்குக்காக இன்று திறந்திருந்தது.

எகிப்தில் பள்ளி நூலகத்துப் புத்தகங்கள் எல்லாம் நூலகரின் தலையில். ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். விசாரணை வைப்பார்கள். வேலைகூடப் போகும்.

எனக்கு முன்னால் இங்கே நூலகராக இருந்த மதாம் இக்பால் ஓய்வு பெற்றபோது பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அவர் காலத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லையாம்.

எப்படித் தொலையும்? அந்த அம்மாள் ஒன்றைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை.

என் அப்பா தமன்ஹூரில் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குத் தன் பெயரை எழுத வராது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த வேலை போனால் பட்டம் சுவரில் தொங்கும், என்னை மாமா மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள்.

சப்ரி நடுவில் ஒரு புத்தகத்தை உருவினார். மட்டையைத் திறந்தார். முதல் தாளில் பள்ளி முத்திரை இருந்தது. மூடி வைத்தார். இன்னொன்று. அதிலும் முத்திரை இருந்தது. அதோடு அவருக்குத் திருப்தி.

எண்ணிக்கை சரி என்றார். அப்போதும் நான் சாவியை விடவில்லை.

தேநீர் கொடுத்தேன். நாலு கரண்டி சர்க்கரை கேட்டார். குடித்துக்கொண்டே இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்ட ஆரம்பித்தார். படிப்பதே இல்லை, ஃபோனே கதி, அரபு மொழியே அழிந்துவிடும். திட்டும்போதே அவருடைய ஃபோன் மூன்று முறை சிணுங்கியது. மூன்று முறையும் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

இனி ஒரு மாணவி வேண்டும், வாசிப்பதுபோல ஒரு வீடியோ எடுத்து இயக்ககத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

தாழ்வாரத்தில் போன ரீத்தாஜை அவரே கை தட்டிக் கூப்பிட்டார். மேல்நிலை இரண்டாம் வருடத்துப் பெண். வேதியியல் டியூஷன் கையேட்டை மார்போடு அணைத்தபடி வந்தாள்.

இங்கே பெண் பிள்ளை கதைப் புத்தகத்தைத் தொட்டால் வீட்டில் பூகம்பம். பெரிய பரீட்சை முடியும்வரை டியூஷன் கையேடுதான் எல்லாம். அதை விரித்துவைத்து உட்கார்ந்தால் அம்மா தேநீர் கொண்டுவந்து வைப்பாள், தம்பியை வாயை மூடச் சொல்லுவாள்.

"அந்தப் பாடத்தக் கீழ வை மகளே," என்றார் சப்ரி. "நிஜப் புத்தகம் ஒண்ணு எடு. ஆயுசுல ஒரு தடவையாச்சும் தொட்டுப் பாரு."

ரீத்தாஜ் கையேட்டை மேசையில் வைத்தாள். அவர் தன் தேநீர் கிளாஸை அதன்மேல் வைத்தார்.

பிறகு அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

"நான் எடுக்கிறேன் உஸ்தாத், உங்க கையில தூசி படும்," என்று ரீத்தாஜ் முந்திக்கொண்டாள். அவள் விரல் கீழ்த்தட்டில் ஓடியது. ஒரு தடித்த நாவலில் நின்றது.

பேனருக்குக் கீழே நின்று புத்தகத்தை விரித்தாள். சப்ரி ஃபோனை உயர்த்தினார். சும்மா பார்த்தால் போதாது, சத்தமாக வாசி என்றார்.

நான் எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். சாவி கையிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை.

ரீத்தாஜ் பக்கத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"கால்வாய் வற்றிய வருடம், படகுக்காரனின் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டுப் படகில் குடியேறினாள். தண்ணீர் வரும்போது முதலில் எனக்குத்தான் தெரிய வேண்டும் என்றாள்."

எங்கும் தடுக்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். படகுக்காரன் கரையில் நின்று கெஞ்சும் இடத்தில் குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தைத் திருப்பினாள். மேலும் வாசித்தாள். சப்ரியின் கண் ஃபோன் திரையை விட்டு நகரவில்லை.

முடித்ததும் அவர் ஃபோனை இறக்கினார். நிஜமாகவே கலங்கியிருந்தார்.

"பாத்தீங்களா மிஸ் ரபாப்? நல்ல புத்தகம் கையில இருந்தா, நாக்கு தானாத் திருந்திடுது."

அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். குனிந்து பார்க்காமலே மூடினார். அவர் கையாலேயே அலமாரியில் செருகினார். எல்லாம் பத்திரம் என்று கையெழுத்துப் போட்டார். மதாம் இக்பால் மாதிரியே நீங்களும் பேர் வாங்குவீர்கள் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ரீத்தாஜ் ஓடிவந்து கையேட்டின் மேலிருந்த கிளாஸை எடுத்தாள். அட்டையில் வட்டமாகத் தேநீர்க் கறை.

"மிஸ், உள்ள இறங்கியிருக்குமா?"

கீழே கிடந்த சாவியை எடுத்து அலமாரியைப் பூட்டினேன். அவள் விரித்துவைத்து வாசித்த மட்டைக்குள், முத்திரைத் தாளுக்கு அடுத்து, அமிலங்களும் காரங்களும் டியூஷன் வாத்தியாரின் ஃபோன் எண்ணும்தான் இருந்தன. பிளேடும் பசையும் என்னுடையவை. கீழ்த்தட்டு முழுக்க அப்படித்தான்.

முக்காட்டு நுனியால் கறையை ஒற்றிவிட்டு, வேதியியல் அட்டையைத் திறந்து பார்த்தேன்.

படகுக்காரனின் மனைவி நனையவில்லை.