பக்கத்து வீட்டு மோட்டார் வீடு

"நாலு மாசமா இந்தத் தகரக் கொட்டகை என் கண்ணை உறுத்துது, வென்டல்!"

"கொட்டகை இல்ல ரோவீனா, மோட்டார் வீடு. ஊர் ஊரா ஓட்டிட்டுப் போற வண்டி. உள்ள கட்டில், அடுப்பு எல்லாம்..."

"உனக்கு வீடு இல்லையா? அதுக்குள்ள போய்த்தான் படுக்கணுமா?"

பக்கத்து வீட்டு வென்டல் தலையைச் சொறிந்தார். யாரோ ஓட்டித் தேய்த்த அந்தப் பழைய வண்டி அவர் வாசலில் நின்றது. அதன் பின்பாதி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ பலகையைத் துளைக்கும் சத்தம் காதைக் கிழித்தது.

"இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்க. கூரை ஒழுகலை அடைச்சாச்சு."

"பொறுத்ததெல்லாம் போதும். நகராட்சியில சொல்லிட்டேன். இழுத்துட்டுப் போக இன்னிக்கு ஆள் வருது."

வென்டலின் முகம் வெளுத்தது. "ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்டே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்னை எதுக்குக் கேட்கணும்?"

துளைக்கும் சத்தம் நின்றது. தலையெல்லாம் மரத்தூளோடு வண்டியிலிருந்து இறங்கியவர், காலையில் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய ரோவீனாவின் கணவர் கிளைட்.

"அடடா, கண்டுபிடிச்சிட்டியா! நாற்பதாவது கல்யாண நாளன்னிக்குச் சொல்லலாம்னு இவன் வாசல்ல ஒளிச்சு வெச்சிருந்தேன். இது நம்ம வண்டி. உனக்குத்தான் விமானம்னா நடுக்கமாச்சே. உன் தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் இதுல நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

ரோவீனாவுக்கு முகம் எரிந்தது. வென்டல் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழல, கொக்கி வைத்த லாரி ஒன்று திரும்பியது.

கிளைட் கண்ணுக்கு மேல் கையை வைத்து லாரியைப் பார்த்தார்.

"இதை யாரு வரச் சொன்னது, ரோவீனா?"